அம்மாவையே கேளுங்க

“அம்மாவுக்கு ரத்தம் ஓ-ன்னா எனக்கு எப்படி மிஸ்ஸி ஏபி?”

“அதை அம்மாவையே கேளுங்கம்மா.”

இரண்டு வருடமாகிறது. நான் சொன்ன அந்த ஒரு வரி இன்னும் என்னை விடவில்லை.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் நர்ஸாக இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்கு வாரம் மூன்று நாள் அந்தப் பெண் தன் அம்மாவைக் கூட்டி வருவாள். நாலு மணி நேரம் ஓடி முடிந்து ஊசியை எடுத்ததும், காஸ் துணியை வைத்துப் பத்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். அதை எங்களைச் செய்ய விடமாட்டாள். பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி அவளேதான் பிடித்திருப்பாள்.

கிட்னி கொடுக்கிறேன் என்று அன்றைக்கு வந்து நின்றாள். குரூப் சேராது என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், அம்மாவுக்கு ஓ என்று நானே வாயை விட்டேன். ஓ தாய்க்கு ஏபி பிள்ளை பிறக்காது என்பது ஐந்தாம் படிவத்தில் உயிரியல் படித்தவளுக்குத் தெரியாதா?

எனக்கு முன்பே தெரியும். தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுக்காரி பிரசவத்தில் போய்விட, பச்சைப்பிள்ளையைத் தூக்கி வந்து வளர்த்த கதையை மெஷினில் படுத்தபடி அந்த அம்மாவே சொல்லியிருந்தார். “அவளுக்குத் தெரிய வேண்டாம் மிஸ்ஸி.” தத்தெடுப்புச் சட்டம் 1952-லேயே வந்துவிட்டது, ஆனால் லயத்தில் கைமாறிய பிள்ளைக்காக அவர்கள் எந்த ஆபீசுக்கும் போகவில்லை.

அபூர்வமாக அப்படியும் பிறப்பதுண்டு என்று சொல்லி மழுப்பியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் ரத்த விஷயத்தில் மழுப்புவது எங்கள் வேலையில் பழகக்கூடாத பழக்கம். அப்புறம், அது நான் சொல்ல வேண்டிய சேதியும் இல்லையே. பகலில் இந்தச் சமாதானம் போதும். ராத்திரியில்தான், ‘அம்மாவையே கேளு’ என்றாலே கேட்க ஏதோ இருக்கிறது என்று சொன்னதாகாதா, வாக்கை அப்போதே மீறிவிட்டேனா என்று குடைகிறது.

அவள் கேட்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த முறையும் அதே பத்து நிமிடம், அதே பிடி. மூன்று மாதத்தில் நெஞ்சில் சளி கட்டி அந்த அம்மா போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இங்கே விட்டிருந்த போர்வையை வாங்க வந்தாள்.

“அம்மா என்னைப் பத்தி உங்ககிட்ட ஏதும் சொன்னாங்களா மிஸ்ஸி?”

“நீங்க பிடிச்சாத்தான் ரத்தம் சீக்கிரம் நிக்குதுன்னு சொல்வாங்கம்மா.”

அதுவும் அவர் சொன்னதுதான். அவள் போர்வையைப் பிரித்து, திரும்ப மடித்து, இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தாள்.