கொழும்புப் பாக்கி

இலங்கையில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதி ஆன சந்தோஷத்தில், நம்ம ஊர்த் தோழர் ஒருவர் காரைக்குடி டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொன்னார். "இனிமே பாருங்கண்ணே, ஆட்சி அதிகாரம் ஜனாதிபதி கையில குவிஞ்சிருக்கிற அந்த நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிச்சிடுவாரு!"

நான் மூன்று தலைமுறைக் காங்கிரஸ். கட்சி வாடை அடிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1987-இல் ராஜீவ் இலங்கையோடு போட்ட ஒப்பந்தத்துக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கிய கட்சி அநுரவின் ஜே.வி.பி. இணைந்திருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களை 2006-இல் நீதிமன்றம் போய்ப் பிரித்ததும் அவர்கள்தான். தமிழருக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டால் மட்டும் 'எல்லாரும் இலங்கையர்' என்கிறார்கள். சரி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஐயா கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்தவர். கரையான் தின்றது போக அவர் பேரேடு ஒன்று வீட்டில் கிடக்கிறது. தேறாத கடனுக்கு எதிரே பொடிசாக ஒரு சுழி போட்டிருப்பார். சில பக்கங்களில் வரிசையாகச் சுழிதான்.

1978-இல் ஜெயவர்த்தன கொண்டுவந்த இந்த ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று 1994-இல் சந்திரிகா சொன்னார். 2005-இல் மகிந்த, 2015-இல் மைத்திரி. மைத்திரியாவது 19-ஆம் திருத்தத்தில் கொஞ்சம் அதிகாரத்தைக் குறைத்தார். 2020-இல் கோத்தபய வந்து அதையும் திரும்ப எடுத்துக்கொண்டார். ஐயா இருந்திருந்தால் எத்தனை சுழி போட்டிருப்பாரோ!

தோழரிடம் இதையெல்லாம் சொன்னேன். பேசாமல் கேட்டார். அப்புறம் கடைக்காரரிடம் திரும்பி, "அண்ணன் டீக்கு மட்டும் அண்ணன்கிட்டயே காசு வாங்கிக்கப்பா" என்று சொல்லிவிட்டார்.