பத்து மணி நேர வெளிச்சம்

தை முதல் நாள். கடலூரில் மதியம் ஒரு மணி, இங்கே அயர்லாந்தில் காலை ஏழரை. அம்மா வீடியோவில் பொங்கல் பானையைக் காட்டினாள். கழுத்தில் மஞ்சள் கொத்து, இரண்டு பக்கமும் பன்னீர்க் கரும்பு. "நீ சூரியனுக்குப் படைச்சிட்டியாம்மா?" என்று கேட்டாள். நான் போனைத் திருப்பி ஜன்னலைக் காட்டினேன். வெளியே கும்மிருட்டு. அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த அண்ணன் மகள், "அத்தே, உங்க ஊர்ல சூரியன் செத்துப்போச்சா?" என்றாள்.

"நல்ல நாளும் அதுவுமா வாயைப் பாரு இதுக்கு" என்று அண்ணன் அவள் தலையில் தட்டினான். எல்லோரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தை கேட்டதில் தப்பே இல்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில், நாங்கள் இருக்கும் கால்வே பக்கம், ஜனவரி நடுவில் சூரியன் எழ எட்டே முக்கால் ஆகும். சாயங்காலம் ஐந்து அடிப்பதற்குள் போய்விடும். நடுவில் மேகம் விலகினால்தான் அது வந்ததே தெரியும்.

ஊரிலிருந்து யார் பேசினாலும் முதல் கேள்வி, "குளிர் எப்படிம்மா தாங்குற?" என்பதுதான். குளிரை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். அட்லாண்டிக் கடலின் வெதுவெதுப்பால் இந்தக் கரையில் பனி கொட்டிக் குவிவது அபூர்வம். ஜனவரியிலும் சராசரி ஐந்தாறு டிகிரி இருக்கும். கம்பளி போட்டால் தீர்ந்தது. இருட்டுக்கு எதைப் போட்டுக்கொள்வது? இந்த நாட்டுக் குளிர்காலத்தில் என்ன இல்லையென்று எனக்குப் புரியவைத்தது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாலிடனல்தான்.

நாங்கள் வீட்டை வாங்கும்போது அதுவும் கூடவே வந்தது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களை வில்லாக வளைத்து வரிசையாக நட்டு, மேலே தடித்த பாலித்தீன் ஷீட்டைப் போர்த்தி, ஓரங்களைப் பள்ளத்தில் புதைத்து மண் தள்ளியிருக்கிறார்கள். இரண்டு முனையிலும் கதவு. பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி வீடு. அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். "நம்ம தோட்டக்கலை ஆபீசுல மானியம் குடுப்பாங்களே, பசுமைக்குடில், அதான?" என்றார். அதேதான். ஆனால் வேலை நேர் எதிர். நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் நிலத்தில் அப்பா கத்தரி, மிளகாய் நாற்று விடுவது பச்சை நிழல்வலைக்குக் கீழே. சித்திரை வெயிலில் நாற்று கருகாமலிருக்க, பாதி வெயிலை வெளியே நிறுத்த வேண்டும். இங்கே நான் கிடைக்கிற கொஞ்சம் வெளிச்சமும் கை நழுவாமலிருக்க, அக்டோபரில் வெந்நீரும் மெல்லிய பிரஷும் எடுத்துக்கொண்டு ஷீட்டில் படிந்த பச்சைப் பாசியைத் தேய்த்துக் கழுவுகிறேன். வெயிலைத் தடுக்கிற தொழில் தெரிந்த வீட்டில் பிறந்து, வெயிலைப் பிடிக்கிற தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கற்றுக்கொடுத்தவர் பக்கத்துப் பண்ணையின் பெரியவர். ஆடு வளர்ப்பவர், பேச்சு குறைவு. முதல் நவம்பரில் என் கீரைப் பாத்தியைப் பார்த்துவிட்டு, இனி இது வளராது, நிற்கும், நின்றதைப் பறித்துச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார். செடி எப்படி நிற்கும்? எனக்குப் பிடிபடவேயில்லை. பிறகு தேடிப் படித்தேன். ஒரு நாளில் வெளிச்சம் பத்து மணி நேரத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான கீரைகள் வளர்ச்சியைக் கிட்டத்தட்ட நிறுத்திக்கொள்ளும். உள்ளே குளிரைக் கட்டுப்படுத்தினாலும் பெரிய மாற்றம் இருக்காது. இலைக்குச் சோறு வெளிச்சம்; சோறு இல்லாமல் போர்வையை மட்டும் போர்த்தி என்ன பயன்?

கால்வே இருப்பது 53-ஆம் அட்சரேகையில். டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் பகல் மொத்தமே ஏழரை மணி நேரம். நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரம்தான் ஏறும். மரத்துக்குப் பின்னால், கொட்டகைக்குப் பின்னால் என்று ஊர்ந்தே போய்விடும். அதே நாளில் கடலூரில் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் அங்கே ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. இங்கே ஒன்பதரை மணி நேரம். அக்டோபர் கடைசியில் பத்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கும் பகல், மீண்டும் ஏற பிப்ரவரி நடு ஆகிறது. நம் கணக்கில் சொன்னால் ஐப்பசியில் போய் மாசியில் திரும்புகிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னதிலிருந்து அவர் குளிரைப் பற்றிக் கேட்பதே இல்லை. "இன்னைக்கு எத்தனை மணிக்கு விடிஞ்சுது?" என்று கேட்டு, தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி வைக்கிறாராம். அம்மா சொல்லிச் சிரிக்கிறாள்: "ராகுகாலம் பாக்கிற எடத்துல உங்கப்பா அயர்லாந்து சூரியனை எழுதுறாரு."

ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவள் நான். இங்கே பட்டம் ஆவணி. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் விதைத்துவிட வேண்டும். வெளிச்சம் இறங்குவதற்குள் செடி முக்கால்வாசி ஆளாகிவிட்டால் குளிர்காலம் முழுக்க அதன் வெளி இலைகளைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கலாம். தள்ளி விதைத்தது நாற்றாகவே நின்று மாசி வரை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக் குதிரில் நெல்லைக் கொட்டி வைத்து, அளந்து அளந்து எடுப்பார்களே, டிசம்பர் டனல் அப்படித்தான்: சேர்த்ததுதான் இருப்பு, புதிதாக வராது.

என் இருப்பில் வெந்தயக்கீரை, கொத்தமல்லி, கடுகுக்கீரை, அதோடு பாக்சாய், மிசூனா, சார்ட் என்ற வெளிநாட்டுக் கீரைகள். வெந்தயமும் மல்லியும் இந்தியக் கடையின் மளிகைப் பொட்டலத்திலிருந்தே போட்டவை. மல்லியை இரண்டாக உடைத்து ஊறவைத்து விதைத்தால் போதும். லேசான உறைபனியை அது தாங்கிக்கொள்ளும் என்பது எனக்கு ஆச்சரியம். ஊரில் பங்குனி வெயில் பட்டதும் பூத்துத் தொலைக்கிற மல்லி இங்கே மாதக்கணக்கில் இலையாகவே நிற்கிறது. டிசம்பர் மாதத்தில் சொந்த மண்ணிலிருந்து ஒரு கைப்பிடி கொத்தமல்லியைப் பறித்து ரசத்தில் கிள்ளிப் போடும்போது வருகிற சந்தோஷத்தை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

குளிர்காலத்தில் டனலுக்கு உள்ள பெரிய எதிரி ஈரம். ராத்திரி உள்ளே ஷீட்டில் நீர் கோத்து, காலையில் சொட்டுச் சொட்டாக இலையில் விழும். காற்றோட்டம் இல்லையென்றால் சாம்பல் நிறப் பூஞ்சை பிடித்து ஒரே வாரத்தில் பாத்தியே கூழாகிவிடும். அதனால் எவ்வளவு குளிராக இருந்தாலும் காலையில் இரண்டு கதவையும் திறக்கிறேன். "குளிர்றப்ப போய் கதவைத் திறந்து வைக்கிறியே, செடிக்குச் சளி புடிக்காதா?" என்று அம்மா உண்மையிலேயே கவலைப்பட்டாள். தண்ணீர் கொஞ்சம்தான், அதுவும் காலையில், வேரில் மட்டும். தெளிந்த வானமுள்ள ராத்திரிகளில் சூடேற்றாத டனலுக்குள்ளும் உறைபனி இறங்கும். அன்றைக்கு மட்டும் பாத்திமேல் வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு, விடிந்ததும் எடுத்துவிடுவேன். துணியும் வெளிச்சத்தைத் தின்னும் அல்லவா? நத்தைகளை டார்ச் அடித்துப் பொறுக்குவது என் வீட்டுக்காரரின் வேலை. கண்ணாடி வீட்டுக்குள் குமிழ் ஷீட் ஒட்டி, தெர்மோஸ்டாட் வைத்த சின்ன ஹீட்டர் ஒன்று போட்டு, போன வருஷத்து மிளகாய்ச் செடிகளைக் கட்டையாக வெட்டிக் காப்பாற்றுகிறேன். கறிவேப்பிலை மட்டும் வீட்டுக் கூடத்தில், தெற்கு ஜன்னலோரம், எங்களோடு.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 24 அன்று ஏயோவின் புயல் வந்தது. இந்த மாவட்டத்து மேஸ் ஹெட் முனையில் காற்று மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டி, 1945-இல் பதிவான உச்சத்தை முறியடித்தது. நாடு முழுக்க ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. விடிவதற்கு முன்னால் வீட்டுக்குள் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, 2011 டிசம்பர் 30 என் காதில் கேட்டது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய விடியற்காலை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம். ஓட்டு வீட்டின் நடுக்கூடத்தில் எங்களை ஒண்டவைத்துவிட்டு அப்பா கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றார். விடிந்து பார்த்தால், பண்ருட்டி வரை பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தாத்தா காலத்துப் பலாமரங்கள். மரம் விழுந்த வீட்டுக்கு, சாவு வீட்டுக்குப் போவதுபோல் ஜனங்கள் போய்த் துக்கம் விசாரித்தார்கள்.

இங்கே எங்கள் டனலின் ஷீட் மேற்குப் பக்கம் கிழிந்து பறந்தது, குழாய்கள் சாயாமல் நின்றுவிட்டன. பெரியவருடைய கொட்டகைக் கூரையே போயிருந்தது. ஆனாலும் நான்காம் நாள் கயிறும் கத்தியுமாக அவர்தான் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். புது ஷீட்டைக் காற்றில்லாத நாளில்தான் போட முடியும் என்பதால் அதற்காகக் காத்திருந்து, குழாய்மேல் ஷீட் உராயும் இடமெல்லாம் மெத்தை டேப் ஒட்டி, நாலைந்து பேர் பிடித்து இழுத்துப் போர்த்தினோம். அன்றைக்கு எல்லோருக்கும் சாம்பார் சாதம். பெரியவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றைக்குத்தான் இந்த ஊர் என் ஊர் என்று முதன்முதலாகத் தோன்றியது. இப்போது பழகிவிட்டது, நிஜமாகவே. கடைக்காரருக்கு என் பெயர் தெரியும், எனக்கு இந்தக் காற்றின் திசை தெரியும். ஆனால் தை ஐந்தாம் நாள் வந்தால் மனசு ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்விடுகிறது. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வந்து மணலில் வரிசையாக நிற்கும். கூட்டத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, வாங்கிய சுருளிக்கிழங்குப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான். திரும்பி வரும் வழியில் எங்கள் நிலத்து வரப்பில் நின்று அம்மா அவரை பறிப்பாள். பந்தல் முழுக்க ஊதாப் பூவும் பிஞ்சும். பனி காயாத காயைக் கைநிறையப் பறித்து முந்தானையில் கொட்டுவாள்.

அந்த அவரைதான் எனக்கு ஆறாத குறை. கீரை வந்துவிட்டது, மல்லி வந்துவிட்டது, மிளகாயும் காய்த்துவிட்டது. அவரை வரவில்லை, பந்தல் அவரை இங்கே வரவும் வராது. காரணம் மறுபடியும் வெளிச்சம்தான், இந்த முறை அதிகமாகிப்போன வெளிச்சம். பந்தல் அவரை பகல் குறுகும்போது பூக்கிற ஜாதி. ஊரில் ஆடியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி நீள்வதைத் தெரிந்துகொண்டு பூவெடுக்கும். இங்கே ஜூனில் பகல் பதினேழு மணி நேரம். கொடி ஏறிக்கொண்டே இருக்கும், இலை விட்டுக்கொண்டே இருக்கும், பூ வைக்காது. செப்டம்பர் கடைசியில் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே இறங்கி அதற்கு நினைவு வரும்போது வெளியே குளிர் வந்து நிற்கும். காய்க்க வேண்டிய வெளிச்சம் இருக்கும்போது பூ இல்லை. பூ வரும்போது வெளிச்சம் இல்லை.

அப்பா சாம்பலில் புரட்டி வைத்த அவரை விதையை எனக்காக எடுத்து வைத்திருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விதை கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துக் கொடுத்தனுப்ப முடியாது என்று சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, செடி அவரை போட்டுப் பாரு. அது பகல், ராத்திரி பாக்காது, எந்தப் பட்டத்துலயும் காய்க்கும். உங்க பக்கம் சான்றிதழோட விதை விக்கிறவங்க யாராச்சும் இருப்பாங்க, விசாரி" என்றார்.

விசாரித்துக்கொண்டிருக்கிறேன். டனலின் தெற்கு முனையில், தக்காளிக்கு முன்னால் உள்ள பாத்தியை மே மாதத்துக்கென்று காலியாக விட்டு, பெரியவர் கொடுத்த ஆட்டு எருவைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அப்பா போனில் அதைச் சொன்னதுமே பின்னாலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "செடி அவரையெல்லாம் ஒரு அவரையா? பந்தல் அவரை ருசி வருமா அதுல?" அப்பா விடவில்லை. "முதல்ல காய்க்கட்டும், ருசியை அப்புறம் பாத்துக்கலாம்." இரண்டு பேரும் என்னை லைனில் வைத்துக்கொண்டே அதைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.