ஐப்பசியில் வீசும் வறண்ட காற்று

வட கலிபோர்னியாவுக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஜூலை, ஆகஸ்ட் வெயிலைத்தான் காட்டுத்தீக் காலம் என்று எண்ணுகின்றன. செப்டம்பர் முடிந்து மாலைப் பொழுது சற்றே குளிரத் தொடங்கியதும் அந்தக் கவலையை இறக்கி வைத்துவிடுகின்றன. ஐப்பசி என்றாலே அடைமழை என்று பழகிய நமக்கு, ஆண்டின் மிக ஆபத்தான வாரங்கள் அக்டோபரில் வரக்கூடும் என்பது மனத்தில் பதிய நாளாகிறது. இங்கே மழைக்காலம் பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். மே மாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் பெயருக்குக்கூட மழை இருப்பதில்லை. குன்றுகளில் மண்டிய புல் கோடையின் தொடக்கத்திலேயே காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும்; அதன் பிறகு புதர்களும் மரங்களும் தம்மிடமுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக இழந்து, அக்டோபர் பிறக்கும்போது ஆண்டிலேயே மிகவும் உலர்ந்த நிலையில் நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் காற்றும் திசை மாறுகிறது.

நாங்கள் சான் ரமோன் பள்ளத்தாக்கில், டயாப்ளோ மலையைப் பார்த்தபடி இருக்கும் குடியிருப்பு ஒன்றில் வாழ்கிறோம். வழக்கமான நாட்களில் மாலையானால் மேற்கே பசிபிக் கடலிலிருந்து ஈரக்காற்று வந்து வெக்கையைத் தணிக்கும். இலையுதிர் காலத்தில் நெவாடா, யூட்டா மாநிலங்களின் உயர்ந்த வறண்ட நிலப்பரப்பின் மேல் காற்றழுத்தம் கூடும்போது, இந்த ஒழுங்கு தலைகீழாகி, வடகிழக்கிலிருந்து கடலை நோக்கிக் காற்று பாய்கிறது. மலைகளைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று அமுங்குவதால், ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடேறுகிறது. ஏற்கெனவே குறைவாக இருந்த அதன் ஈரப்பதம் மேலும் சரிந்து, சில நாட்களில் 10 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. தென் கலிபோர்னியாவில் சாண்டா ஆனா என்றும் எங்கள் பகுதியில் டயாப்ளோ என்றும் அழைக்கப்படும் காற்று இதுதான்.

இந்தக் காற்று பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் வலுப்பெறுகிறது. மற்ற இரவுகளில் சருகும் காய்ந்த புல்லும் காற்றிலிருந்து கொஞ்சமாவது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டயாப்ளோ வீசும் இரவில் அதற்கு வழியில்லை. உதடு வெடித்துப் போகும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று மின்சாரம் பாயும், கம்பளியை உதறினால் இருட்டில் நீலப் பொறி தெறிக்கும். காட்டுத்தீ எளிதில் பற்றிப் பரவக்கூடிய நாட்களில் தேசிய வானிலைச் சேவை விடுக்கும் சிவப்புக் கொடி எச்சரிக்கையைக் கைபேசியில் பார்ப்பதற்கு முன்பே, இப்போதெல்லாம் எங்கள் உடம்புக்கு அது தெரிந்துவிடுகிறது.

இந்த மாநிலத்தின் மிகக் கொடிய தீ விபத்துகளில் பலவும் கோடை முடிந்த பிறகே நிகழ்ந்தவை. 1991 அக்டோபர் 19 அன்று ஓக்லண்ட் குன்றுகளில் பற்றிய ஒரு சிறு புல் தீயை வீரர்கள் அணைத்துவிட்டார்கள். ஆனால் மண்ணுக்குள் கனன்றுகொண்டிருந்த மிச்சத்தை மறுநாள் வீசிய காற்று கிளப்பிவிட, 25 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 3,000 வீடுகள் அழிந்தன. 2017 அக்டோபர் 8 இரவு கலிஸ்டோகா ஊருக்கருகே தொடங்கிய டப்ஸ் தீ, பொழுது விடிவதற்குள் மலைகளைக் கடந்து சாண்டா ரோசா நகருக்குள் நுழைந்து, அகன்ற 101 நெடுஞ்சாலையையும் தாண்டி, காஃபி பார்க் என்ற குடியிருப்பைத் தரைமட்டமாக்கியது. அத்தீயில் 22 பேர் உயிரிழந்தார்கள். காஃபி பார்க் காட்டின் நடுவில் இருந்த ஊரன்று; சமதளத்தில் வரிசையாகக் கட்டப்பட்ட, நம்மவர் விரும்பி வாங்கும் வகையைச் சேர்ந்த சாதாரணப் புறநகர்ப் பகுதி. புதிதாக வீடு பார்க்கும் நண்பர்கள் பள்ளிக்கூடத்தின் தரத்தையும் அலுவலகத்துக்கான தூரத்தையும் விசாரிக்கும்போதெல்லாம் நான் இந்தக் குடியிருப்பைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை. அடுத்த ஆண்டு, மழை தாமதித்த நவம்பர் 8 அன்று, பாரடைஸ் என்ற மலையூரே எரிந்து 85 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

நெடுஞ்சாலையையே தாண்டும் ஆற்றல் நெருப்புக்கு எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதும் புரியும். தீயின் முகப்பு வந்து சேர்வதற்கு வெகு முன்னதாகவே, காற்று அள்ளி வீசும் கங்குகள் ஒரு மைலுக்கும் அப்பால் போய் விழக்கூடும். விழுந்த இடத்தில் பற்றுவதற்கு ஏதாவது கிடைத்துவிட்டால் அங்கே ஒரு புதுத் தீ பிறக்கிறது. ஆகவேதான் தீயணைப்புத் துறையினர் வீட்டைச் சுற்றி 100 அடி வரையிலான இடத்தைச் சீர்செய்யச் சொல்லும்போது, சுவரை ஒட்டிய முதல் 5 அடியைப் பற்றி அதிகம் வலியுறுத்துகிறார்கள். அந்த 5 அடிக்குள் எங்கள் வீட்டில் என்னென்ன இருந்தன என்று ஒரு சனிக்கிழமை குனிந்து பார்த்தோம். வாசற்படியில் தேங்காய் நார்க் கால்மிதி, நிலைக்கு மேலே எப்போதோ கட்டிக் காய்ந்து சுருண்ட மாவிலைத் தோரணம், அழகுக்காகப் பரப்பிய மரப்பட்டைத் துகள், வேலி மூலையில் காற்று கொண்டுவந்து குவித்த சருகு, கூரை விளிம்பின் மழைநீர்க் கால்வாயில் மக்காமல் கிடந்த இலைகள். ஒவ்வொன்றும் ஒரு கங்குக்குப் போதுமான தீனி. துகளை வாரியெடுத்துவிட்டுக் கூழாங்கல் போட்டோம். பரணுக்குச் செல்லும் காற்றுத் துளைகளில் எட்டில் ஓர் அங்குலக் கண்ணுள்ள உலோக வலையைப் பொருத்தினோம். துளசித் தொட்டி பச்சையாக இருந்தாலும் அதன் அடியில் சேரும் உலர்ந்த கதிர்களை வாரந்தோறும் அகற்றுகிறோம்.

தீபாவளியும் கார்த்திகையும் இதே பருவத்தில் வருவதால் நமக்கென்று தனியாக ஒரு பொறுப்பும் இருக்கிறது. நாங்கள் வாழும் கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் மத்தாப்பு உட்பட எந்தப் பட்டாசையும் தனியார் கொளுத்தச் சட்டம் இடம் தரவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி மத்தாப்பாவது வேண்டாமா என்று சில பெற்றோர் மனம் வருந்துவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் காய்ந்த புல் குன்றுக்குக் கீழே, வடகிழக்குக் காற்று வீசும் மாலையில் அதற்கு இடமே இல்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்த அம்மா, வாசலில் வரிசையாக அகல் ஏற்றுவதற்கு எல்லாம் எடுத்து வைத்த மாலையில் சிவப்புக் கொடி எச்சரிக்கை நடப்பில் இருந்தது. காற்றின் காரணத்தைச் சொன்னதும், “சாமி உள்ளேயும்தான் இருக்காரு, கூடத்துலயே ஏத்திக்கலாம்ப்பா” என்று அவரே தட்டை உள்ளே கொண்டுபோனார்.

மின்கம்பிகள் அறுந்து விழுந்தும் மரங்களில் உரசியும் தீ பிடிப்பதைத் தவிர்க்க, பலத்த காற்று எதிர்பார்க்கப்படும் நாட்களில் மின்சாரத்தையே முன்கூட்டி நிறுத்திவிடும் வழக்கமும் இங்கு உண்டு. 2019 அக்டோபரில் பல லட்சம் பேர் இப்படி இருட்டில் இருந்தார்கள். மின்தடை நமக்குப் பழக்கமானதுதான், என்றாலும் இங்குள்ள வீடுகளில் கார் நிற்கும் கராஜின் கதவே மின்சாரத்தால் இயங்குவது. 2017 தீயின்போது கதவைத் திறக்க இயலாமல் முதியவர்கள் தவித்த பிறகு, 2019 ஜூலையிலிருந்து இங்கு விற்கப்படும் புதிய கதவு இயந்திரங்களுக்கு மாற்று மின்கலம் கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் கதவு அதற்கு முந்தையது. மேலே தொங்கும் சிவப்புக் கைப்பிடிக் கயிற்றை இழுத்து, கதவைக் கையால் தூக்க அம்மாவையும் அப்பாவையும் பழக்கினோம். அப்பாவால் முடிந்தது, அம்மாவால் பாதி உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. ஆகவே காற்று எச்சரிக்கை உள்ள இரவுகளில் காரை வெளியிலேயே, தெருவைப் பார்த்தபடி நிறுத்துகிறோம். கடவுச்சீட்டு, குடிவரவு ஆவணங்கள், மருந்து, என்95 முகக்கவசம் ஆகியவை இருக்கும் பை அந்த நாட்களில் காரிலேயே இருக்கும்.

வெளியேறச் சொல்லும் அறிவிப்பு இரண்டு படிகளில் வரும். முதலாவது எச்சரிக்கை, அடுத்தது உத்தரவு. முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீடுகள் முதல் படியிலேயே கிளம்பிவிட வேண்டும். 2019 அக்டோபரில் சொனோமா மாவட்டத்தில் பற்றிய கின்கேட் தீயின்போது ஏறத்தாழ 1,90,000 பேர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டார்கள். அத்தீயில் ஒருவர்கூட இறக்கவில்லை. மாவட்டத்தின் எச்சரிக்கைச் சேவையில் நாமே பெயரைப் பதிந்துகொண்டால்தான் சில அறிவிப்புகள் நம் கைபேசிக்கு வரும் என்பதும், ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர் அந்த ஆங்கிலச் செய்தியைப் படித்து உடனே முடிவெடுக்கத் தயங்குவார்கள் என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை. எங்கள் தெரு எந்த வெளியேற்ற மண்டலத்தில் வருகிறது, செய்தி வந்தால் எந்தப் பக்கமாக வண்டியைத் திருப்ப வேண்டும், நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தால் எந்தப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதையெல்லாம் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். பக்கத்து வீட்டாரிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறோம். அவர்கள் தங்கள் வீட்டுச் சாவி ஒன்றை எங்களிடம் தந்திருக்கிறார்கள்.