யன்னல் மாற்றிய பிறகு வெளிச்சுவர்ப் பூச்சு: வெள்ளவத்தை அனுபவம்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஒழுங்கைகளில், பழைய வீட்டு இரும்பு யன்னல் பெரிய தலையிடி. உப்புக்காற்று இரும்பைத் தின்பதோடு நிற்பதில்லை. துருப்பிடித்த சட்டம் வீங்கி, சுற்றியிருக்கும் பூச்சையும் பிளந்துவிடும். எங்கள் மேல்மாடியில் அதுதான் நடந்தது. அலுமினியத்துக்கு மாறினோம். பழைய சட்டத்தைக் கழற்றும்போது நாலு பக்கமும் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. புது யன்னல் பொருத்தியவர்கள் இடைவெளியைச் சீமெந்தால் அடைத்து, அதன்மேல் சிலிக்கனில் ஒரு கோடு இழுத்துவிட்டுக் காசோடு போய்விட்டார்கள். வைகாசியில் தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கியதும், கடற்பக்கம் சாய்ந்தடித்த மழை யன்னலின் கீழ்மூலையால் அறைக்குள் இறங்கியது.

பிறகு பிடித்த மேசன் பாஸ் மலையகத்துக்காரர். வந்ததும் சாந்தகப்பைப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். வெறுமையாகச் சத்தம் கேட்ட இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டார். பார்வைக்கு நன்றாக இருந்த பூச்சிலும் கனக்க இடம் வட்டத்துக்குள் வந்துவிட்டது.

"இதையும் எடுக்க வேணுமே அண்ணை?"

"எடுக்காட்டி புதுசு நல்லா ஒட்டிக்கும் தம்பி. அப்புறம் பழசோட சேர்ந்து மொத்தமா விழும்."

எடுத்தோம். செலவு கூடியது, ஆனால் அவர் சொன்னதில் மறுக்க ஒன்றும் இருக்கவில்லை.

மணல் வந்ததும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கொழும்பில் ஆற்று மணலோடு கடல்மணலும் விற்பனைக்கு வருகிறது. உப்புப் போகக் கழுவியது என்றால் பிழையில்லை. கழுவாததைப் பூசினால் சுவரில் உப்புப் பூத்துப் பெயின்ற் உரியும். கலவை 1 பங்கு சீமெந்து, 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல். சீமெந்தைக் கூட்டினால் பலம் என்று நம்பும் ஆட்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். பழைய செங்கல் சுவரில் அப்படிப் பூசினால் அது இறுகிச் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு பெரும்பாலும் யன்னல் மூலையிலிருந்துதான் சரிவாக ஓடும் என்பதால், மூலைகளில் வலைத்துண்டு வைத்து இரண்டு தடவையாகப் பூசினார். செங்கலை முதலே நனைத்துக்கொண்டார். ஈரச் சீமெந்து பட்டால் அலுமினியத்தில் கறை விழும் என்று சட்டம் முழுக்க மாஸ்கிங் ரேப்பும் ஒட்டியிருந்தார்.

பூச்சைச் சட்டத்தோடு முட்டவிடாததுதான் இந்த வேலையின் உயிர். சட்டத்தை ஒட்டி 10 மில்லிமீற்றர் தடிப்பில் மரச்சலாகை வைத்துப் பூசி, இறுகியதும் அதை உருவினார். பின்னேர வெயில் நேரே விழும் மேற்குச் சுவர் எங்களுடையது. அலுமினியம் சூட்டில் சீமெந்துப் பூச்சைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டும் முட்டிக்கொண்டிருந்தால் மயிரிழை வெடிப்பு வராமல் இருக்காது, மழைக்கு அது போதும். முதல் ஆட்கள் பூசியதில் அப்படித்தான் வெடித்திருந்தது. போதாததற்கு அவர்கள் பாவித்தது வினாகிரி மணக்கும் சிலிக்கன். அதில் வரும் அமிலம் சீமெந்தோடு சேராது, விரலால் இழுக்கவே நாடாவாகக் கழன்று வந்தது.

பழைய சோனகத் தெருவுக்குப் போய் பொலியூரித்தேன் சீலன்டும் நுரைக் கயிறும் வாங்கினேன். கயிற்றை இடைவெளிக்குள் திணித்து அதன்மேல் சீலன்டை இட வேண்டும். கயிற்றில் அது ஒட்டாது. சட்டத்திலும் பூச்சிலும் மட்டும் ஒட்டி, இரண்டுக்கும் நடுவே இழுபட்டுக் கொடுக்கும். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே இதைச் செய்தோம்.

யன்னலின் கீழ்த்திண்டை வெளிப்பக்கம் சரிவாக்கி, அதன் அடியில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளக்கோடு, விடச் சொன்னேன். வழியும் தண்ணீர் சுவருக்குத் திரும்பாமல் அந்த இடத்தில் சொட்டிவிடும். பாஸ் அதை ஏற்கெனவே நினைத்து வைத்திருந்தார் போல. ஒரு சிரிப்போடு சரி.

பழைய சுவர் சொரசொரப்பானது. அழுத்தித் தேய்த்தால் ஒட்டுப்போட்டது தெருவுக்கே தெரியும். கூழ்போலக் கரைத்த கலவையை ஈர்க்கு விளக்குமாற்றில் தோய்த்து, முதலில் ஒரு பலகையில் தெறித்துப் பார்த்துக் கை பழகிய பிறகே சுவரில் தெறித்தார். ஒரு கிழமை காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, வெயிலுக்கு ஈரச்சாக்குத் தொங்கவிட்டோம். பெயின்றுக்கு நாலு கிழமையாவது விட வேண்டும். புதுப்பூச்சின் காரம் நிறத்தைக் கெடுக்கும் என்பதால் அதைத் தாங்கும் பிரைமர்தான் முதலில். யன்னலைச் சுற்றி மட்டும் அடித்தால் நிறம் தனியாகத் தெரியும், ஆகவே மூலைக்கு மூலை முழுச்சுவருக்கும் அடித்தோம்.

கடைசியாகக் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும். மேலிருந்து அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று பிடிக்க முடியாது. யன்னலைச் சுற்றி உள்ளே ஒரு சொட்டும் இல்லை. ஏசி குழாய் போகும் துளையால் மட்டும் வந்தது. அதற்கு இனித்தான் ஆள் பிடிக்க வேண்டும்.