ட்யூப் எடுத்த அன்னைக்கு வந்த ப்ரமோஷன்

போன வாரம் எங்க ஐசியூல பெட் 4 ஐயாவுக்கு மூச்சு ட்யூப் எடுத்தோம், 11 நாள் வென்டிலேட்டர்ல கிடந்தவர். ட்யூப் நுனில இருக்குற கஃப்ங்குற சின்ன பலூன்ல இருந்த காத்த எடுத்துட்டு, நல்லா இருமுங்கய்யான்னு சொல்லி டாக்டர் ட்யூப்ப உருவ, நான் வாய்ல சளிய உறிஞ்ச சக்‌ஷன் போட்டு மாஸ்க் வச்சேன். கொஞ்ச நேரத்துல கரகரன்னு ஒரு குரல், "எங்க வீட்டம்மா வெளிய இருக்காளா சிஸ்டர்?" 11 நாளா குளிப்பாட்டி திருப்பி போட்ட மனுஷன் குரல அன்னைக்குத்தான் மொதமொதலா கேக்குறேன். கண்ணு கலங்கிடுச்சு.

அன்னைக்கு மத்தியானமே சூப்பரிண்டென்ட் மேடம் கூப்பிட்டு இன்சார்ஜ் போஸ்ட் தர்றோம்னாங்க. 2,000 ரூபா கூட வரும், ஆனா வேலை முழுக்க ட்யூட்டி ரோஸ்டர், சாமான் கேட்டு எழுதுற இன்டென்ட், ஆடிட் ஃபைல். 9 வருஷமா பாக்குறேன், எங்க லைன்ல மேல போறதுன்னாலே பேஷன்ட விட்டு தள்ளி போறதுதான், இன்சார்ஜ், குவாலிட்டி, ட்யூட்டர், இல்லன்னா ஓஇடிங்குற இங்கிலீஷ் பரீட்சை எழுதிட்டு வெளிநாடு.

இதே ஐயாவுக்கு ஆறாவது நாள் ராத்திரி 3 மணிக்கு ஏர்வே பிரஷர், அதாவது மெஷின் காத்த உள்ள தள்ளுற அழுத்தம், மெல்ல ஏறிட்டே இருந்துச்சு, ரத்தத்துல ஆக்சிஜன் சாச்சுரேஷன் அப்பவும் 97, அலாரம்கூட அடிக்கல, நெஞ்சுல கை வச்சா உள்ள கரகரன்னு அதிருது, சக்‌ஷன் போட்டா கெட்டி கெட்டியா சளி. இந்த கை பழக்கத்துக்கு எந்த இன்க்ரிமென்ட்லயும் ஒரு கட்டம் கிடையாது.

200 பெட்டுக்கு மேல இருக்குற தனியார் ஆஸ்பத்திரில கவர்மென்ட் நர்சுக்கு சமமா சம்பளம் குடுக்கணும்னு 2016லயே சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைச்ச கமிட்டி பரிந்துரை பண்ணுச்சு. எங்க ஆஸ்பத்திரி அத விட பெருசு, என் சம்பளம் அதுக்கு பக்கத்துலகூட இல்ல.

இந்தியன் நர்சிங் கவுன்சில் கொண்டு வந்த நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர் கோர்ஸ் மேலதான் எனக்கு ஆசை. பிஎஸ்சி முடிச்சவங்களுக்கு 2 வருஷம், பெரும்பாலும் ஐசியூலயே நின்னு படிக்கிறது. படிச்சும் பெட் பக்கத்துலயே இருக்கலாம்ல! "முடிச்சுட்டு வந்தா என்ன போஸ்ட் மேடம்?"னு கேட்டேன். "ஸ்டாஃப் நர்ஸ்தாம்மா, அந்த பேர்ல நம்மகிட்ட போஸ்ட் இல்லையே"ன்னாங்க.

இன்சார்ஜ் வேணாம்னு சொல்லிட்டேன். வீட்டுக்காரர் படின்னுதான் சொல்றார், பொண்ணு ஸ்கூல் ஃபீஸ நெனச்சாத்தான் கை வரல. இத படிக்கிறவங்கள்ல யாராச்சும் அந்த கோர்ஸ் முடிச்சிருந்தா சொல்லுங்க, எங்கயாவது அந்த பேர்லயே உங்கள வேலைக்கு எடுத்தாங்களா?