கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு, சலுகை வரியில்

கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குச் சரக்கு வந்து சேர்வது பெரிய காரியமில்லை. அதைச் சலுகை வரியில் வெளியே எடுப்பதில்தான் வேலை இருக்கிறது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தப்படி, விலக்குப் பட்டியலிலும் (சலுகை இல்லாத பொருள்கள்) கோட்டாவிலும் (அளவு வரம்பு) சிக்காத பெரும்பாலான பொருளுக்கு அடிப்படைச் சுங்க வரி இல்லை. இறக்குமதிக்கும் விதிக்கப்படும் ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. உண்டு, அதை மறந்து விலை போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கிராம்பு, ஜாதிக்காய் போல அங்கேயே விளைந்ததென்றால் சிக்கல் குறைவு. (மிளகு தனி: 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்துவிட்டார்கள்.) ஆலைச் சரக்குக்கு இரண்டு நிபந்தனை. வெளிநாட்டு மூலப்பொருளின் நான்கிலக்க எச்.எஸ். (சுங்கச் சரக்கு வகைப்பாட்டு எண்) தலைப்பு, முடிந்த பொருளின் தலைப்பிலிருந்து மாறியிருக்க வேண்டும். எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும் வரையான விலை) 35 சதவீதமாவது இலங்கையில் கூடிய மதிப்பாக இருக்க வேண்டும். பெட்டி மாற்றுவதும் லேபிள் ஒட்டுவதும் செல்லாது.

பேரம் பேசும்போதுதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எஃப்.ஓ.பி. 100 டாலர், அதில் வெளிநாட்டு மூலப்பொருள் 63 என்றால் மதிப்புக்கூட்டல் 37 சதவீதம். விலையை 94-க்கு இறக்கிவிட்டால் மூலப்பொருள் அதே 63; மிச்சம் 31, அதாவது 33 சதவீதம்தான். ஆறு டாலர் மிச்சம் பிடித்து முழுச் சலுகையையும் இழக்க வேண்டியதுதான். அந்த மூலப்பொருளில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்து போனதென்றால் வழி உண்டு: இலங்கைப் பங்கு 25, இந்தியப் பங்கும் சேர்ந்து 35 சதவீதம் வந்தால் போதும். ஆகவே செலவுக் கணக்கை விற்பவரிடம் ஆர்டருக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். சரக்கு ஏறிய பிறகு கேட்டால் ‘தொழில் ரகசியம்’ என்பார்கள்.

2020 செப்டம்பர் 21 முதல் அந்தக் கணக்கு இறக்குமதியாளரிடமும் இருக்க வேண்டும். படிவம் ஒன்றில் உற்பத்தி முறை, மூலப்பொருள், மதிப்புக்கூட்டல் எல்லாம் நிரப்பி, ஆதாரங்களோடு ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலைநாளில் கொடுத்தாக வேண்டும். சரக்கு இலங்கையில் உருவானது என்று சொல்லும் மூலச் சான்றிதழ் மட்டும் போதும் என்ற காலம் முடிந்துவிட்டது.

அந்தச் சான்றிதழை வழங்கும் கொழும்பு வர்த்தகத் திணைக்களத்துக்கு விற்பவரின் விண்ணப்பம் போகும் முன் அதன் வரைவை வாங்கி, இன்வாய்ஸோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். பொருள் விவரம், எடை, எச்.எஸ். கோடு, எந்த விதிப்படி தகுதி என்ற கட்டம் இவற்றில்தான் பிழை வரும். அடித்துத் திருத்தினால் வழங்கியவரின் கையெழுத்தும் முத்திரையும் அங்கேயே வேண்டும். இல்லாவிட்டால் மறுப்பதற்கு அதுவே போதும். பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்திடம் தரும் இறக்குமதி அறிக்கை) சான்றிதழ் எண், தேதி, தகுதி விதி விட்டுப்போகாமல் சுங்கத் தரகர் ஏற்றினாரா என்பதையும் பாருங்கள்.

சுங்கத்துக்குச் சந்தேகம் வந்து சான்றிதழைச் சரிபார்க்கக் கொழும்புக்கு அனுப்பினால் பதில் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை கன்டெய்னரைக் கிடப்பில் போட்டால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) லாபத்தைத் தின்றுவிடும். வரி வித்தியாசத்துக்குப் பிணை கட்டி, தற்காலிக மதிப்பீட்டில் எடுத்துவிடுங்கள்.