அம்முவும் சின்னுவும்: முதல் வருஷக் குறிப்புகள்

ஜனவரி 14, 2024 – லால்குடி

போகி. விடிவதற்கு முன்பே தெருவில் புகை கிளம்பிவிட்டது. அம்மா ஜன்னல்களை எல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத் துணியைச் செருகிவிட்டு, "நீ உள்ரூமை விட்டு வராத" என்று சொல்லிப் போனாள்.

பிரசவத்துக்கு முதலில் குறித்துக் கொடுத்த தேதி இதுதான். பிள்ளைகள் 35 வாரத்திலேயே, டிசம்பர் 10 அன்று வந்துவிட்டார்கள். முதலில் அம்மு, 2 கிலோ 300. பின்னாலேயே சின்னு, 1 கிலோ 750. அம்மு என்னோடு அறைக்கு வந்துவிட்டாள். அவன் மஞ்சள் காமாலைக்காகக் கண்ணைக் கட்டிக்கொண்டு நீல விளக்கின் அடியில் கிடந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அழுத்திச் சொன்னது ஒன்றே: தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்டு, தோலோடு தோல் படும்படி நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம். கங்காரு முறை என்று பெயர். இந்த வரிகளை எழுதும்போதும் அவன் என் நைட்டிக்குள் பருத்தித் துண்டால் கட்டப்பட்டு, கழுத்தெலும்புக்குக் கீழே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். வியர்க்கிறது. இறக்கி வைக்க மனமில்லை.

அப்பாயி உரைமருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார். டாக்டர் தாய்ப்பாலும் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தும் தவிர எதுவும் கூடாது என்கிறார். கடைசியில் கையில் வசம்பு வளையல் மட்டும் என்று முடிவானது.

பார்க்க வருகிறவர்கள் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். "பொண்ணு தளதளன்னு இருக்கா, தம்பி பங்கையும் வயித்துலயே சாப்பிட்டுட்டா போல." சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. ஆணும் பெண்ணுமாகப் பிறக்கும் இரட்டையர் இரண்டு தனிக் கருமுட்டைகளிலிருந்து வந்தவர்கள். இருவருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி. ஒருத்தியின் பங்கை இன்னொருவன் எடுக்கவும் முடியாது, பறிகொடுக்கவும் முடியாது. இதை வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். பிறந்து ஒரு மாதம் ஆன பெண் குழந்தைமேல் திருட்டுப் பழி போடுவதை நான் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை.

மார்ச் 3, ஞாயிறு – லால்குடி

போலியோ சொட்டு மருந்து முகாம். ஆஸ்பத்திரியைத் தவிர இருவரும் வெளியே போனது இன்றுதான். அம்மா சின்னுவைத் தூக்கிக்கொண்டாள், நான் அம்முவை. தெருமுனைவரை ஏழெட்டு வீடுதான், ஆனால் ஒவ்வொரு வாசலிலும் நிற்க வேண்டியிருந்தது.

முகாமில் இருந்த அக்கா வாயைக் குவித்துப் பிடித்து இரண்டு சொட்டு விட்டு, இடது சுண்டுவிரலில் மை வைத்தார். அந்தச் சுண்டுவிரல் எவ்வளவு சின்னது என்பதை நான் இன்றுதான் சரியாகப் பார்த்தேன். நகம் ஒரு கடுகளவு. மைப் பேனாவின் முனை விரலைவிடத் தடிமன். சின்னு கையை மூடிக்கொண்டே இருந்தான். அவர் பொறுமையாக ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்து வைத்தார். திரும்பும்போது அம்மு வேப்பமர நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் விழுவதைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சின்னு முழுக்கத் தூங்கிவிட்டான்.

மார்ச் 17 – உறையூர்

மூன்று மாதம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். வெள்ளி அரைஞாண், தண்டை, பால்கிண்ணம் என்று அப்பா எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கியிருந்தார். வழியில் கொள்ளிடத்தில் வெறும் மணல். அத்தை ஆரத்தி எடுத்துவிட்டு, எந்தக் குழந்தையை முதலில் வாங்குவது என்று ஒரு கணம் தயங்கினார். "மூத்தவளை முதல்ல கொடும்மா" என்று அவரே முடிவு செய்தார். மனசு நிறைந்தது.

ஏப்ரல் 19, வெள்ளி

நாடாளுமன்றத் தேர்தல். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று ஏழரைக்கே கிளம்பினோம். கைக்குழந்தையோடு வந்தால் வரிசையில் நிற்க வைப்பதில்லை. காவலுக்கு நின்ற பெண் போலீஸே கூப்பிட்டு முன்னால் அனுப்பினார். பின்னால் நின்றவர்களும், "போம்மா, போம்மா" என்று வழி விட்டார்கள்.

தோளில் சின்னுவோடு கையெழுத்துப் போட்டு, மை வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினேன். ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி நின்று விழுந்தது. 'பீப்' சத்தம் கேட்டு அவன் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தான். சத்தம் வந்த திசைக்குச் சரியாகத் திரும்பியது எனக்குப் பெரிய நிம்மதி. அம்மு போன மாதமே இதைச் செய்துவிட்டாள். "இவன் ஏன் இன்னும் செய்யல" என்று கேட்டவர்களுக்கு டாக்டர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன்: குறைமாதப் பிள்ளைகளுக்கு வயதை, பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். நாள்காட்டிப்படி நான்கு மாதம் தாண்டியிருந்தாலும் வளர்ச்சிக் கணக்கில் அவர்களுக்கு இப்போது மூன்று மாதம்தான். அதிலும் ஒவ்வொருவருக்கும் அவரவர் நேரம்.

மே 12

கத்திரி. திருச்சி வெயிலை எழுதி என்ன ஆகப் போகிறது. பகலில் எங்கும் போவதில்லை. கூடத்தில் இரண்டு கொக்கி, இரண்டு பழைய நூல் புடவை, இரண்டு தொட்டில். நடுவில் நான் உட்கார்ந்து ஒன்றைக் கையாலும் மற்றதைக் காலாலும் ஆட்டுகிறேன். இருட்டியதும் மொட்டை மாடி. மலைக்கோட்டை உச்சியில் விளக்கு எரிவது தெரிகிறது. அம்மு அதைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள்.

ஜூன் 23, ஞாயிறு

வயலூர் முருகன் சன்னிதியில் சோறு ஊட்டல். அவருக்கு வேலை. நானும் அத்தையும் டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று துணிந்தோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் டிக்கெட் இல்லை. நான்கு பேரும் காசில்லாமல் முருகனைப் பார்த்துவிட்டு வந்தோம். அத்தைக்கு அதில் தனி சந்தோஷம்.

சர்க்கரைப் பொங்கலை மோதிரத்தால் தொட்டு நாக்கில் வைத்தோம். அம்மு சப்புக்கொட்டினாள். சின்னு நாக்கால் வெளியே தள்ளினான். இனிமேல் வீட்டில் கேழ்வரகுக் கூழ், ஒருவருக்கு ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. ஒரே கரண்டியால் மாற்றி மாற்றி ஊட்டுவது சுலபம்தான். ஆனால் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதே தெரியாமல் போய்விடும், ஒருவருக்குச் சளி என்றால் மற்றவருக்கும் வந்துவிடும்.

ஒரு வருத்தத்தையும் எழுதி வைக்கிறேன். பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளை 2015-ல் அரசு திறந்தது. எவ்வளவு நல்ல காரியம். போன வாரம் ஒரு ஊரில் அந்த அறையைத் தேடிப் போனால் பூட்டுத் தொங்கியது, சாவி யாரிடம் என்று சொல்ல ஆளில்லை. பசியில் இரண்டு குழந்தைகளும் சேர்ந்து அழும்போது பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பது சின்ன விஷயம் இல்லை. கைக்குழந்தை வைத்திருப்பவளும் வெளியே வந்து போக வேண்டியவள்தான். அந்தச் சாவியைப் பக்கத்துக் கடையிலாவது கொடுத்து வைக்கலாம்.

ஆகஸ்ட் 3, சனி – ஆடிப்பெருக்கு

மேட்டூர் அணை ஜூலை 30 அன்று 120 அடியை எட்டியதிலிருந்து வீட்டில் காவிரிப் பேச்சுத்தான். மார்ச்சில் மணலாகக் கிடந்த கொள்ளிடத்தில் இப்போது கரைக்குக் கரை தண்ணீர். அத்தை இரண்டு நாளாகவே காப்பரிசிக்கு அரிசி ஊற வைப்பது, காதோலை கருகமணி வாங்குவது என்று ஓடிக்கொண்டிருந்தார். "பிள்ளைங்க காவேரியைப் பார்க்கணும். இப்படி ஒரு வருஷத்துல பார்க்கணும்."

கூட்டத்துக்குப் பயந்து அம்மா மண்டபத்துக்கு விடியலிலேயே போனோம். படித்துறையில் கயிறு கட்டியிருந்தார்கள், ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இறங்கவே இல்லை. மேல்படியில் வாழையிலை போட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, பழமும் காப்பரிசியும் வைத்து அங்கேயே படைத்தோம். புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அத்தை எனக்கும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்.

அம்மு அவர் தோளில். ஆற்றைப் பார்த்ததும் உடம்பு முழுக்கத் துள்ளினாள், "ஆ, ஆ" என்று குரல் கொடுத்தாள், இறக்கி விட்டிருந்தால் நேரே போயிருப்பாள். சின்னு என் கழுத்தை இறுக்கிக்கொண்டான். பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போவதை வெகுநேரம் பார்த்தான். ஒரு வாழைமட்டை மிதந்து வந்தது. அது கண்ணில் பட்டதும் தலையைத் திருப்பித் திருப்பி, பாலம் பக்கம் போய் மறைகிறவரைக்கும் அதையே தொடர்ந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான், "எங்கே போச்சு" என்று கேட்பது போல. பக்கத்தில் இருந்த அம்மாள், "பொண்ணு துடிதுடின்னு இருக்கா, பையன் பயந்தாங்கொள்ளி" என்றார். "இல்லம்மா, அவன் பார்த்துக்கிட்டு இருக்கான்" என்றேன். அவர் மறுபடி சின்னுவைப் பார்த்துவிட்டு, "ஆமா, பார்க்குறான்" என்றார். நல்ல மனுஷி.

அத்தை செம்பில் காவிரித் தண்ணீர் வாங்கி இருவர் தலையிலும் தெளித்தார். சித்திரான்னம் கட்டிக்கொண்டு போயிருந்தோம். வழக்கமான எலுமிச்சை, தேங்காய், புளி. தயிர்சாதத்தில் மட்டும் ஒரு விரல் பிள்ளைகளுக்கும்.

செப்டம்பர் 11, புதன்

ஒன்பதாம் மாதத் தடுப்பூசி. சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதான் ஊசி நாள். தட்டம்மை-ரூபெல்லா வலது கையில், பிறகு மற்றவை, கடைசியில் வைட்டமின் ஏ சொட்டு. அம்மு அழுததைப் பார்த்தே சின்னு அழ ஆரம்பித்துவிட்டான். அடுத்த முறை ஒருவரை வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். சிஸ்டர் இருவர் அட்டையையும் தனித்தனியாகச் சரிபார்த்து, பெயரை வாசித்து, பிறகுதான் ஊசியை எடுத்தார். இரட்டையருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ராத்திரி காய்ச்சல் அம்முவுக்கு மட்டும். எடைக்கேற்ற அளவு சிரப், ஈரத்துணி. விடியலில் தணிந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு – சமயபுரம்

பதினோராம் மாதம் நடக்கும்போதே மொட்டையும் காதுகுத்தும் முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் நாள் பார்த்தார்கள். கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது என்று 2021-லேயே அறிவித்துவிட்டார்கள், சீட்டு மட்டும் வாங்கினால் போதும்.

பிரச்சினை மடியில்தான். தாய்மாமன் என் தம்பி ஒருவன். நல்ல நேரத்துக்குள் முடிய வேண்டும், ஆகவே பையனை அவன் மடியிலும், பெண்ணை என் பெரியப்பா மகன் மடியிலும் வைத்து ஒரே நேரத்தில் முடித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அண்ணனும் எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரிதான், அதில் குறையில்லை. ஆனால் ஏன் பையன் இந்த மடி, பெண் அந்த மடி? நான் வாயைத் திறப்பதற்குள் தம்பியே சொல்லிவிட்டான்: "ரெண்டு பேருக்கும் நான்தான் மாமன். மூத்தவ முதல்ல வரட்டும். நேரம் பத்தலைன்னா ஓட்டமா முடிப்போம்." அண்ணனும், "அதான் முறை" என்றார்.

அம்மு தம்பி மடியில் உட்கார்ந்தாள். தலையை நனைத்துக் கத்தி வைத்ததும் ஒரே அலறல். அவன் பட்டு வேட்டியைப் பற்றிக்கொண்டு கத்தினாள், அவன் குனிந்து காதோரம் என்னவோ பேசிக்கொண்டே இருந்தான். சந்தனம் பூசியதும் தலையைத் தானே தொட்டுப் பார்த்து அழுகையை நிறுத்தினாள். சின்னுவுக்கு முடி வழிக்கும்வரை சத்தமே இல்லை, ஆசாரி கம்மலைக் காதில் ஏற்றியபோதுதான் உதடு பிதுங்கியது. நல்ல நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. தம்பி வேட்டியில் இருவர் சந்தனமும். "துவைக்க மாட்டேன்க்கா" என்றான்.

டிசம்பர் 8, ஞாயிறு

மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், மழைக்குப் பின் பச்சையாக இருக்கிறது. இரட்டை வண்டி தள்ள வழி நன்றாக இருந்தது. சின்னு இப்போது பெஞ்சைப் பிடித்து நிற்கிறான். அம்மு இன்னும் தவழ்கிறாள், ஆனால் "அத்தை" என்று நான் கூப்பிட்டால் "தை" என்கிறாள். இன்று கேள்வி திரும்பிவிட்டது: "பையன் நிக்கிறான், பொண்ணு ஏன் இன்னும் நிக்கல?" என் பதில் மாறவில்லை. இவர் குனிந்து அம்முவைப் புல்லில் விட்டார். அவள் தவழ்ந்தே ஒரு செடிவரை போய் இலையைப் பிடித்தாள்.

செவ்வாய்க்கிழமை பிறந்தநாள். அத்தை ஆசையாக இருவருக்கும் ஒரே சிவப்பில், ஒரே வேலைப்பாட்டில் துணி எடுத்து வைத்திருக்கிறார். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மெதுவாகச் சொன்னேன்: "அத்தை, ஆளுக்கு ஒரு நிறமா இருக்கட்டுமே." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்முவுக்குச் சிவப்பு இருக்கட்டும், அவனுக்கு மாம்பழ மஞ்சள் எடுத்துக்கலாம்" என்றார். கேக்கும் இரண்டு, வாழ்த்துப் பாட்டும் இரண்டு தடவை. பில் அவர் கைப்பையில் இருக்கிறது. நாளைக் காலை கடை திறந்ததும் போய் மாற்றி வர வேண்டும், மாற்றும் கெடு நாளையோடு முடிகிறது.